நல்ல எண்ணத்தோடு பெட்டியைப் பிடித்த ஊசா ஏன் செத்தான்?

தாவீது ராஜா தேவனுடைய உடன்படிக்கைப் பெட்டியை மாட்டு வண்டியில் கொண்டுவந்தபோது, மாடு இடறியதால் அதைப் பிடித்த ஊசா அங்கேயே செத்தான். பெட்டியைத் தொட்டால் சாவு என்று பைபிளில் எண்ணாகமம் 4:15 முன்பே எச்சரித்திருந்தது. மாடு இடறியபோது ஊசாவின் எண்ணம் நல்லதா என்பது அங்கே கேள்வியே இல்லை.

தப்பு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்பது என் கருத்து. தேவனுடைய பணிக்கென்று பிரிக்கப்பட்ட லேவியரில் ஒரு பிரிவான கோகாத் புத்திரர் தோளில் சுமக்கவேண்டிய பெட்டி புது வண்டியில் போனது. முன்பு பெட்டியைக் கைப்பற்றிய பெலிஸ்தர் அதைத் திருப்பி அனுப்பிய விதம் அது! மற்ற லேவியருக்கு வண்டி கொடுத்த மோசே, கோகாத் புத்திரருக்கு மட்டும் கொடுக்கவில்லை (எண்ணாகமம் 7:9). பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1 நாளாகமம் 13-ஐயும் 15-ஐயும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். முதலில் தாவீது தலைவர்களிடம் ஆலோசனை கேட்கிறான்; சபையாருக்கும் சரி என்று படுகிறது. 15:13-ல், தேவனை முறைப்படி தேடவில்லை என்று அவனே ஒத்துக்கொள்கிறான். அப்புறம்தான் லேவியர் தண்டுகளால் தோளில் சுமக்கிறார்கள்.

இதை வைத்து, கஷ்டப்படுகிறவர்கள் எல்லாரும் கீழ்ப்படியாதவர்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நீதிமானான யோபு கஷ்டப்பட்டபோது அவனுடைய நண்பர்கள் அப்படிப் பேசித்தான் தேவனுடைய கோபத்துக்கு ஆளானார்கள்.