அப்பாவின் கடைசி மாதங்களும் தம்பி அனுப்பும் காசும்

கொக்குவிலிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “அப்பாவுக்கு 84 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியர். குடல் புற்றுநோய் ஈரலுக்கும் பரவிவிட்டது. கொழும்பில் தனியார் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சொல்கிறான் கனடாவிலுள்ள தம்பி. கடைசி நேரச் செலவு வீண் என்று அமெரிக்கக் கணக்கொன்று வாசித்தேன். அரச ஊழியருக்கான அக்ரஹார மருத்துவக் காப்புறுதி உதவுமா?”

அந்தக் கணக்கு உங்கள் மனதை உறுத்த வேண்டாம். அமெரிக்காவில் முதியோருக்கான அரச காப்புறுதி மெடிகேர். அதன் செலவில் ஏறத்தாழ கால்பங்கு, இறப்புக்கு முந்திய 12 மாதங்களில் போகிறது. ஆனால் அது ஆள் போன பிறகு பின்னோக்கிப் பார்த்த கணக்கு. ஒரு வருடத்துக்குள் இறப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று முன்கூட்டியே கணிக்கக்கூடியவர்களுக்குப் போனது மெடிகேரின் மொத்தச் செலவில் 5 வீதத்துக்கும் குறைவு என்று 2018இல் வந்த ஆய்வு சொல்கிறது. பிழைப்பார் என்று நம்பித்தான் பெரும்பாலும் செலவழிக்கிறார்கள். அதை வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

அப்பாவின் நிலை வேறு; நோயின் போக்கு ஓரளவு தெரிகிறது. அதனால் வைத்தியரிடம் நேராகக் கேளுங்கள்: “இந்தச் சிகிச்சையால் அப்பா எழுந்து இருப்பாரா, நோவு குறையுமா, அல்லது மெஷினோடு சில நாள் கூடுமா?” கடைசிதான் பதில் என்றால், 400 கிலோமீற்றர் பயணம் அவருக்கு வேதனை மட்டுமே.

காப்புறுதிக்கு வருவோம். அக்ரஹாரவில் அவர் சேர்க்கப்பட்டிருக்கிறாரா என்று பிரதேச செயலகத்தில் ஓய்வூதியப் பகுதியில் விசாரியுங்கள். சேர்ந்திருந்தாலும் கொடுப்பனவுக்கு உச்சவரம்பு உண்டு. தனியார் அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் பில் அதைச் சீக்கிரம் தாண்டிவிடும். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் சிகிச்சை இலவசம். தெல்லிப்பழைப் புற்றுநோய்ப் பிரிவே 2011இல் நாட்டின் தெற்கு முனையிலிருந்து பருத்தித்துறை வரை பலர் நடந்து சேர்த்த காசில் எழுந்தது.

அங்கே கடும் நோவைத் தணிக்கும் மோர்பின் பற்றிக் கேளுங்கள். “அது கடைசி மருந்து” என்று பயந்து நோவைப் பொறுக்க வைக்கும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன், மனம் கேட்பதில்லை. வைத்தியர் சொன்ன அளவில், நோவு வரும்வரை காத்திராமல் நேரத்துக்குக் கொடுத்தால் மனிதர் நிம்மதியாகத் தூங்குவார். மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து சேர்த்து வாங்குங்கள்.

தம்பியின் காசு, படுக்கைப்புண் வராத காற்று மெத்தைக்கும் இரவில் துணைக்கு ஓர் ஆளுக்கும் உதவும். அப்புறம், அவருடைய விமான ரிக்கெற்றுக்கு. அப்பா பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே வரச் சொல்லுங்கள்.