13 வயதுப் பையனின் உயரம்: அந்தப் பவுடர் வேண்டாம்

வணக்கம் சகோதரி. மகனுக்கு 13 வயது, 142 செ.மீ., ஒரு வருடத்தில் 5 செ.மீ. கூடியிருக்கிறான், ஆனால் அதே வயது அத்தை மகள் அவனைத் தாண்டிவிட்டாள், உயரப் பவுடர் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அந்தக் காசுக்குக் கடலூர் துறைமுகத்தில் நல்ல மத்தி மீன் வாங்கிக் கொடுங்கள்.

பெண்பிள்ளைகள் முந்துவது இயல்புதான். அவர்களுக்குப் பருவ மாற்றம் 8 முதல் 13 வயதுக்குள் தொடங்கும், பையன்களுக்கு 9 முதல் 14க்குள். அதிலும் பையன்களுக்கு வேக வளர்ச்சி கொஞ்சம் தள்ளித்தான் வரும். வந்துவிட்டால் ஒரே வருடத்தில் 9 செ.மீ.கூட ஏறலாம். எலும்பு முனைகளிலுள்ள குருத்தெலும்புத் தட்டுகள் மூடும்வரை வளர்வான். மூடியபின் எதைக் கொடுத்தும் பயனில்லை.

நீங்கள் 155, கணவர் 168 என்றீர்கள். இரண்டையும் கூட்டி, 13 சேர்த்து, பாதியாக்கினால் 168; வளர்ந்து முடித்தபின் அவன் உயரம் ஏறக்குறைய இவ்வளவு செ.மீ. இருக்கும். அதற்கு மேலோ கீழோ எட்டு செ.மீ. வரை இருக்கலாம்.

என் மகனுக்கும் இதே கவலையில் வாராவாரம் கதவோரம் நிறுத்தி அளந்தேன். பிள்ளை மனம் நொந்துபோனான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும், காலையில் அளங்கள். மாலைக்குள் உயரம் சற்றுக் குறையும்.

வருடத்துக்கு 4 செ.மீ.கூட ஏறாவிட்டாலோ, 14 முடிந்தும் பருவ மாற்றமே தெரியாவிட்டாலோ தள்ளிப்போடாதீர்கள். புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது, குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள். இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணிப்பார்கள். பழைய உயரக் குறிப்புகள் இருந்தால் மறக்காமல் எடுத்துப் போங்கள்.