பிரிட்ஜ் சீட்டாட்டத்துக்குச் சொந்தமாக ஒரு பிடிங் சிஸ்டம் உருவாக்குவது எப்படி?

விடுதியில் ஆறு மாதமாக பிரிட்ஜ் ஆடுகிறீர்கள், புத்தகத்தில் இருக்கும் சிஸ்டம் சலித்துவிட்டது, நண்பரோடு சேர்ந்து சொந்தமாக ஒன்றை எழுத ஆசை, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே ஆசை எனக்கும் என் அறைத்தோழனுக்கும் இறுதியாண்டில் வந்தது. 43 பக்கம் எழுதி, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, அட்டையில் சிஸ்டத்துக்குப் பெயரெல்லாம் வைத்தோம். பெயரை இங்கே சொல்ல மாட்டேன், இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

ஆட்டம் தெரியாமல் இந்தப் பக்கம் வந்தவர்களுக்கு நாலு வரி. பிரிட்ஜில் நான்கு பேர், எதிரெதிரே உட்காருபவர்கள் ஜோடி, ஆளுக்கு 13 சீட்டு. சீட்டு இறங்குவதற்கு முன்னால் ஓர் ஏலம் நடக்கும். எது துருப்பு, எத்தனை ட்ரிக் (ஆளுக்கு ஒரு சீட்டு போடும் ஒரு சுற்றை வெல்வது) எடுப்போம் என்பதை அந்த ஏலம் முடிவு செய்யும். ஏலத்தில் சொல்லக்கூடியவை 1 கிளப், 1 டயமண்ட், 1 ஹார்ட், 1 ஸ்பேட், 1 நோ-ட்ரம்ப் (துருப்பே இல்லை), பிறகு 2 கிளப் என்று 7 நோ-ட்ரம்ப் வரை 35 பிட். (பிட் என்றதும் பரீட்சை ஹால் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.) இவற்றோடு பாஸ், புள்ளியை இரட்டிப்பாக்கும் டபுள், அதற்குப் பதிலடியாக ரீடபுள். ஒவ்வொரு பிட்டும் முந்தையதைவிட மேலே போக வேண்டும், இறங்க முடியாது. பார்ட்னரிடம் கண்ணைக் காட்டக்கூடாது, கனைக்கக்கூடாது. கையில் என்ன இருக்கிறது என்பதை இந்த 38 சொற்களிலேயே சொல்லியாக வேண்டும். எதற்கு என்ன அர்த்தம் என்று ஜோடி முன்பே பேசிவைப்பதுதான் பிடிங் சிஸ்டம். ஒருவருக்கு வரக்கூடிய கைகளோ சுமார் 63,500 கோடி.

அப்படியென்றால் எல்லாக் கைக்கும் தனி இடம் கிடைக்காது. ஒவ்வொரு சிஸ்டத்திலும் ஒரு பரண் இருந்தே தீரும். வீட்டில் எந்த அலமாரியிலும் சேராத சாமான்களை ஏற்றி வைப்போமே, அந்தப் பரண். 'எங்கள் சிஸ்டத்தில் பரணே இல்லை' என்று யாராவது சொன்னால் அவர்கள் இன்னும் சாமான்களை எண்ணிப் பார்க்கவில்லை என்று அர்த்தம். பரணை எந்த மூலையில் வைப்பது, அதில் எவ்வளவு ஏற்றுவது என்பதுதான் சிஸ்டம் எழுதுபவரின் வேலை. எங்களுக்கு இது புரிய ஒரு அடி விழவேண்டியிருந்தது.

நாங்கள் அடிப்படையாக எடுத்துக்கொண்டது பிரிசிஷன் கிளப் என்ற சிஸ்டம். ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்ற பாயிண்ட் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிரிசிஷனில் 16 பாயிண்டும் அதற்கு மேலும் உள்ள கை கிட்டத்தட்ட எதுவானாலும் 1 கிளப். கிளப் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் 1 கிளப்தான். மற்ற ஓப்பனிங்குகள் (ஏலத்தைத் திறக்கும் முதல் பிட்) பெரும்பாலும் 11-லிருந்து 15-க்குள். இதை உருவாக்கிய சி. சி. வெய் கப்பல் தொழில் செய்தவர், பெரிய ஆட்டக்காரர் என்று பெயர் எடுத்தவரல்ல. ஆனால் அவர் சிஸ்டத்தை ஆடிய தைவான் அணி 1969-இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த பெர்முடா பௌல் என்ற உலக அணிப் போட்டியில் இரண்டாம் இடம் வரை வந்தது. உலகம் திரும்பிப் பார்த்ததில் ஆச்சரியமில்லை.

இப்போது இந்தக் கையைப் பாருங்கள்.

ஸ்பேட்: ராஜா, ராணி, 7, 4
ஹார்ட்: ஏஸ், ஜாக்கி, 6, 3
டயமண்ட்: 5
கிளப்: ராஜா, 10, 8, 2

13 பாயிண்ட். பிரிசிஷனில் இதை எப்படித் திறப்பீர்கள்? 16 இல்லை, ஆகவே 1 கிளப் கிடையாது. 1 ஹார்ட்டுக்கும் 1 ஸ்பேடுக்கும் ஐந்து சீட்டு வேண்டும். டயமண்ட் ஒன்றே ஒன்று என்பதால் 1 நோ-ட்ரம்பும் போச்சு. 2 கிளப்புக்கு நீளமான கிளப் வேண்டும், இங்கே நாலுதான். எந்தக் கதவைத் தட்டினாலும் பூட்டு. வெய் இந்தக் கைக்காகவே 2 டயமண்ட் என்ற ஓப்பனிங்கை முழுசாக ஒதுக்கி வைத்தார்.

எனக்கும் என் தோழனுக்கும் இது பொறுக்கவில்லை. டயமண்ட் ஒன்று, மற்ற மூன்றும் நாலு நாலு என்ற அமைப்பு, 11-லிருந்து 15 பாயிண்டுக்குள், ஏறக்குறைய 400 கைக்கு ஒருமுறைதான் வரும். ஆறு டயமண்டும் 6-லிருந்து 10 பாயிண்டும் உள்ள கை அதைவிடப் பல மடங்கு அடிக்கடி வரும். அதனால் 2 டயமண்டை அந்தப் பலவீனமான கைக்குக் கொடுத்தோம். அனாதையாக நின்ற கையை 1 டயமண்டுக்குள் தள்ளினோம். '1 டயமண்ட் என்றால் ஒரே ஒரு டயமண்டாகவும் இருக்கலாம், ஆகவே ஆறு டயமண்ட் இல்லாமல் பார்ட்னர் 3 டயமண்டுக்குத் தாவக்கூடாது' என்று பதினோராம் பக்கத்தில் எழுதியும் வைத்தோம். கணக்குப்படி சரியான முடிவு. இப்போதும் அது சரி என்றுதான் நினைக்கிறேன்.

முதல் போட்டியில் மேலே உள்ள அதே கை எனக்கு வந்தது. 1 டயமண்ட் அட்டையை வைத்தேன் (போட்டியில் பிட்டை வாயால் சொல்லாமல் பெட்டியிலிருந்து அட்டை எடுத்து வைப்போம்). இடப்பக்கம் ஒரு வயதான அம்மா. என் தோழனிடம் திரும்பி, "இதுக்கு என்னப்பா அர்த்தம்?" என்றார். பிரிட்ஜில் நம் பிட்டுக்கு நம் பார்ட்னர்தான் விளக்கம் சொல்ல வேண்டும், நாம் வாயைத் திறக்கக்கூடாது. அவன் கம்பீரமாக, "டயமண்ட் இருக்கு மேடம், 11-லிருந்து 15" என்றான். அம்மா டபுள். இவன் 3 டயமண்டுக்குத் தாவினான். வலப்பக்கம் டபுள்.

இங்கே ஒரு நுட்பமான விதி இருக்கிறது. அவன் தப்பாகச் சொன்னது என் காதில் விழுந்தது என்பதற்காக நான் வேறு பிட்டுக்கு ஓடக்கூடாது. அவன் சரியாக விளக்கியிருந்தால் என்ன செய்வேனோ அதைத்தான் செய்ய வேண்டும். எங்கள் பதினோராம் பக்கத்தின்படி அவனிடம் ஆறு டயமண்ட் இருக்க வேண்டும். பாஸ் என்றேன். ஏலம் முடிந்ததும், முதல் சீட்டு இறங்குவதற்குள், விதிப்படி திருத்தமும் சொன்னேன்: "மன்னிக்கணும், அது ஒரே ஒரு டயமண்டாகவும் இருக்கலாம்." அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு சீட்டை இறக்கினார். தோழன் கையை விரித்தான்: டயமண்டில் ராஜா, ஜாக்கி, 9, 7, 4. எங்களிடம் துருப்பு ஆறு, எதிராளிகளிடம் ஏழு. கிளப்பில் எங்களுக்கு நாலும் நாலும் எட்டு இருந்தது, அது வேறு வயிற்றெரிச்சல். மூன்று ட்ரிக் குறைவு, டபுளில் 500 புள்ளி.

தப்பு என் தோழன் மேல் மட்டும் இல்லை. '1 டயமண்ட் என்றால் டயமண்ட்' என்பது யாருக்கும் கையில் ஊறிப்போன பழக்கம். நாங்கள் பரணைத் தினமும் நடமாடும் கூடத்தில் வைத்துவிட்டு, ஓரமாக ஒரு அறிவிப்புப் பலகை மாட்டியிருந்தோம். வெய் 400 கைக்கு ஒருமுறை வருவதற்கு ஒரு முழு பிட்டைக் கொடுத்தது முட்டாள்தனமாகத் தெரிந்தது எங்களுக்கு. அவர் ஒரு பிட்டை இழந்து 1 டயமண்டைச் சுத்தமாக வைத்திருந்தார் என்பது 500 புள்ளி போன பிறகுதான் உறைத்தது.

சரி, கணக்குக்கு வருவோம், ஏனென்றால் அதில் நிஜமான அழகு இருக்கிறது. சம அமைப்புள்ள கையில், அதாவது நாலு சூட்டிலும் சீட்டு ஏறக்குறைய சமமாக இருக்கும்போது, 1 நோ-ட்ரம்பை 15-17 பாயிண்டுக்கு வைப்பதா, 12-14-க்கா? ஒரு கையில் 12-14 பாயிண்ட் வரும் வாய்ப்பு சுமார் 20 சதவீதம், 15-17 வர 10 சதவீதம். இங்கிலாந்தில் பரவலாக ஆடும் ஏகால் சிஸ்டம் (லண்டனில் உள்ள ஒரு தெருவின் பெயர் அது) பலவீனமான நோ-ட்ரம்பைத் தேர்ந்தெடுத்ததில் இந்தக் கணக்கும் இருக்கிறது. இரண்டு மடங்கு அடிக்கடி எதிராளியின் வழியை அடைக்கலாம். விலை: 15-17 உள்ள கைகள் வேறு இடத்துக்குப் போக வேண்டும், மோசமான நாளில் 1 நோ-ட்ரம்ப் டபுளில் தலை உருளும்.

இன்னொரு கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. ரிலே என்று ஒரு முறை உண்டு. ஒருவர் எப்போதும் அடுத்த மலிவான பிட்டை வைத்து 'மேலே சொல்' என்று கேட்டுக்கொண்டே இருப்பார், மற்றவர் தன் கையை விவரிப்பார். ஒரு பிட் ஒரு படி. பதில் சொல்பவருக்கு நாலு படிதான் மீதி என்று வையுங்கள். முதல் படியைச் சொன்னால், கேள்விக்கு ஒரு படி போக, இன்னும் இரண்டு படி இருக்கும், ஆக இரண்டு வகைக் கையைப் பிரிக்கலாம். இரண்டாம் படியைச் சொன்னால் ஒரு வகை. மூன்றாவதும் நாலாவதும் ஆளுக்கு ஒன்று. மொத்தம் ஐந்து. மூன்று படி என்றால் மூன்று, ஐந்து படி என்றால் எட்டு, ஆறு படி என்றால் பதின்மூன்று. ஆமாம், ஃபிபோனாச்சி எண்களேதான். 1 டயமண்டில் கேட்கத் தொடங்கினால் 3 நோ-ட்ரம்புக்குள் 13 படி, 377 வகைக் கைகளைப் பிரிக்கலாம். ஒரே ஒரு படி தள்ளி 1 ஹார்ட்டில் கேட்டால் 233-தான். ஒரு படியின் விலை 144 கை! இதிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது: அந்த 377-இல் 144-ஐ முதல் படியிலும், 89-ஐ இரண்டாம் படியிலும், 55-ஐ மூன்றாம் படியிலும் போட வேண்டும். மலிவான பதிலில்தான் கூட்டம் அதிகம் இருக்கவேண்டும். நாங்கள் அறியாமல் தலைகீழாகச் செய்திருந்தோம், பிடித்த கைகளுக்கெல்லாம் மலிவான பதிலைக் கொடுத்து.

எங்கள் 43 பக்கத்தில் முப்பது இந்த ரிலேக்களே. ஹாஸ்டல் மேஜையில் அமர்க்களமாக வேலை செய்தது, ஏனென்றால் அங்கே நாங்கள் இருவர்தான், எதிராளி இல்லை. போட்டியில் 1 கிளப் என்றதும் பக்கத்து ஆசாமி ஐந்து பாயிண்டை வைத்துக்கொண்டு 2 ஸ்பேட் என்பார். எட்டுப் படி ஒரே தாவில் காலி. அதற்கு எங்களிடம் அரைப் பக்கம் இருந்தது. 16 பாயிண்டும் அதற்கு மேலும் வருவதே பத்தில் ஒரு கைதான், அதிலும் எதிராளி சும்மா இருப்பது எத்தனை தடவை? நீங்கள் எழுதும்போது முதலில் அந்த அரைப் பக்கத்தை எழுதுங்கள். எதிராளி குறுக்கே புகுந்த பிறகு என்ன என்பதைத் தீர்த்துவிட்டு, அப்புறம் ரிலேக்குப் போங்கள்.

பரணை வைக்கும் விஷயத்தில் எல்லாரையும்விடத் துணிச்சல்காரர்கள் போலந்துக்காரர்கள். அங்கே வளர்ந்த ஸ்ட்ராங் பாஸ் சிஸ்டங்களில் நல்ல கை வந்தால் பாஸ்! பாஸ்தானே இருப்பதிலேயே மலிவு. அப்படியென்றால் 0-7 பாயிண்ட் உள்ள சொத்தைக் கை பாஸ் சொல்ல முடியாது, ஏதாவது பிட் வைத்துத் திறந்தாக வேண்டும். அதற்கு ஃபெர்ட் என்று பெயர், உரம் என்பதன் ஆங்கிலச் சொல்லைச் சுருக்கியது. அப்படிப்பட்ட கை நூற்றுக்கு ஏறக்குறைய 29 தடவை வருமே! பரணை வாசற்படியிலேயே வைத்த வீடு. படிக்கப் படிக்க மயக்கும் யோசனை, ஆனால் ஆட விடமாட்டார்கள். உலக பிரிட்ஜ் கூட்டமைப்பு இவற்றை மஞ்சள் நிற வகையில் போட்டு, நீண்ட ஆட்டங்கள் உள்ள சில போட்டிகளோடு நிறுத்திவிட்டது. உங்கள் ஊர் பிரிட்ஜ் கிளப்பில் இதைக் கொண்டுபோய் வைத்தால் போட்டியை நடத்தும் டைரக்டர் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்பார். எழுதுவதற்கு முன் உங்கள் கிளப் எதை அனுமதிக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

ரகசிய பாஷை உருவாக்கலாம் என்று நினைத்திருந்தால் அதையும் மறந்துவிடுங்கள். நம் பிட் ஒவ்வொன்றின் அர்த்தமும் கேட்டால் எதிராளிக்குத் தெரிய வேண்டும். இதையே சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் நண்பரை நள்ளிரவில் எழுப்பி '1 டயமண்டுக்கு என்ன அர்த்தம்?' என்று கேளுங்கள். ஒரு மூச்சில் சரியாகச் சொன்னால் அந்த பிட் இருக்கட்டும். 'அது வந்து...' என்று இழுத்தால் அடித்துவிடுங்கள். கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் நீங்கள், ஆயிரம் கைகளைக் கலைத்துப் போட்டு ஒவ்வொன்றும் எந்த ஓப்பனிங்கில் விழுகிறது என்று எண்ண ஒரு சின்ன நிரல் போதும். எதிலும் விழாமல் மிச்சமிருக்கும் கைகளை உட்கார்ந்து பாருங்கள். உங்கள் பரணில் ஏறப்போவது அவைதான்.

2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்த பிறகுதான் என் அப்பா இதைச் 'சீட்டு விளையாடுறான்' என்ற கணக்கிலிருந்து எடுத்தார். அப்போதிலிருந்து கொஞ்சம் ஒழுங்காக ஆடுகிறேன். இப்போதைய பார்ட்னர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், சார் என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் குறிப்பு ஆறு பக்கம். மேஜர் சூட்டுகளுக்கு (ஸ்பேட், ஹார்ட்) ஐந்து சீட்டு, 15-17 நோ-ட்ரம்ப், எல்லாம் சாதாரணம். மேலே சொன்ன கை வந்தால் 1 கிளப், எங்கள் பரண் இப்போது அங்கே இருக்கிறது. 22 பாயிண்டும் அதற்கு மேலும் என்றால், அதாவது சுமார் 240 கைக்கு ஒருமுறை, 2 கிளப்.

2 டயமண்ட் மட்டும் காலியாக இருக்கிறது. நாலு விதமாக அதற்கு அர்த்தம் எழுதி எடுத்துப் போனேன். சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நாலையும் பொறுமையாகப் படித்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது வர்றப்ப எனக்கு ஞாபகம் இருக்கணுமே?" என்று தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு வருடமாக அந்த அட்டை பெட்டியில் அப்படியே இருக்கிறது. ஐந்தாவதாக ஒன்று எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் காட்டவில்லை.