பீஸ் வாங்காத வக்கீல்

கேள்வி: அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் ஆல்ஃபரெட்டாவில் பதினாறு வருடமாக இருக்கிறோம். மகனுக்கு 19 வயது, ஜார்ஜியா ஸ்டேட் யுனிவர்சிட்டியில் இரண்டாம் வருடம். ராப் பாடுகிறான். இங்கே ஒரு லேபிள் (பாட்டு வெளியிடும் கம்பெனி) அவனுக்கு 50,000 டாலர் அட்வான்ஸ் தருகிறேன் என்கிறது. ஒரு ஆல்பம், அதற்குப் பிறகு நான்கு ஆப்ஷன். கான்ட்ராக்ட் 62 பக்கம். எங்களுக்குப் புரியவில்லை என்றதும் கம்பெனிக்காரர்களே ஒரு வக்கீலை வீட்டுக்கு அனுப்பினார்கள். அரைமணி நேரம் விளக்கிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார். பாவம், நல்ல மனிதர், பீஸ்கூட வாங்கவில்லை. மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டுமாம். மகன் படிப்பை நிறுத்தப்போவதாகச் சொல்கிறான். என் கணவர் அவனோடு பேசி நான்கு மாதம் ஆகிறது. போதை, துப்பாக்கி என்று செய்திகளைப் பார்த்துத் தூக்கமே போய்விட்டது. அவன் மனதை மாற்ற ஒரு வழி சொல்லுங்கள்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, மனதை மாற்றும் வழி என்னிடம் இல்லை. ஜார்ஜியாவில் 18 முடிந்தவன் போடும் கையெழுத்து செல்லும். உங்கள் சம்மதம் சட்டத்துக்குத் தேவையில்லை.

துப்பாக்கிப் பயம் வீண் பயம் என்று சொல்லமாட்டேன். 2019 மார்ச்சில் லாஸ் ஏஞ்சல்ஸில் ராப் பாடகர் நிப்ஸி ஹசிலை அவருடைய கடை வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். 2022 நவம்பரில் உங்கள் அட்லாண்டா பக்கத்துப் பையன், ராப் பாடகர் டேக்ஆஃப், ஹூஸ்டனில் சுடப்பட்டுச் செத்துப்போனார். மகனிடம் இந்த விஷயத்தில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்: நீங்கள் குடியிருக்கும் அதே ஃபுல்டன் கவுண்டியில், யங் தக் என்ற ராப் பாடகர் மீதான வழக்கில், அவருடைய பாட்டு வரிகளைச் சாட்சியமாக வைக்க 2023 நவம்பரில் நீதிபதி அனுமதி கொடுத்தார். செய்யாத குற்றத்தைப் பெருமைக்காகச் செய்ததாகப் பாட வேண்டாம். இதற்கு மேல் இந்தப் பயத்தில் உங்கள் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். ஆபத்து ஏற்கெனவே உங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போயிருக்கிறது.

அந்த வக்கீலைத்தான் சொல்கிறேன். ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த கவலைக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

அவர் பீஸ் வாங்கினார். உங்களிடம் வாங்கவில்லை, அவ்வளவுதான். கம்பெனி கொடுத்திருக்கும். 62 பக்கத்தை அரைமணியில் விளக்க முடியாது. ஒரு பக்கத்துக்கு அரை நிமிடம்கூட வரவில்லை, கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர் வந்தது எதற்காக என்று தெரிய வேண்டுமானால் கான்ட்ராக்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரு ஷரத்து இருக்கும்: ‘பாடகர் தனக்கென ஒரு வக்கீலிடம் ஆலோசனை கேட்க வாய்ப்பளிக்கப்பட்டது, எல்லாவற்றையும் புரிந்துகொண்டே கையெழுத்திடுகிறார்’ என்ற பொருளில். ஐந்து வருடம் கழித்து உங்கள் மகன் கோர்ட்டுக்குப் போய் ‘எனக்கு எதுவும் புரியவில்லை’ என்று சொன்னால், எதிர்த்தரப்பு அந்த ஷரத்தையும் காட்டும், உங்கள் வீட்டுக்கு வக்கீல் வந்த தேதியையும் காட்டும். விளக்கம் சொன்னவர் உங்கள் வாதத்தை முன்கூட்டியே அடைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

வீட்டுக்கு வந்தவரைச் சந்தேகப்படுவது நமக்கு மரியாதைக்குறைவாகப் படுகிறது. இந்த வளர்ப்பில் நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளையின் கையெழுத்து என்று வரும்போது அந்த மரியாதையைத் தள்ளிவைக்கத் தெரிய வேண்டும்.

டூபாக் ஷக்கூரை உங்கள் மகன் கட்டாயம் கேட்டிருப்பான். 1995-ல் அவர் நியூயார்க் மாநிலத்தில் டனமோரா சிறையில் இருந்தார். ஜாமீன் தொகை 14 லட்சம் டாலர். டெத் ரோ ரெக்கார்ட்ஸ் ஆட்கள் சிறைக்கே வந்தார்கள். ஒப்பந்தம் கையால் எழுதிய மூன்று பக்கம். கம்பெனியை நடத்தியவரே டூபாக்குக்கு மேனேஜர் என்றும், கம்பெனியின் வக்கீலே டூபாக்குக்கும் வக்கீல் என்றும் அதில் இருந்தது. விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் ஒரே ஆள். ஜாமீன் கிடைத்தது, 1996 பிப்ரவரியில் இரட்டை ஆல்பம் வந்தது, லட்சக்கணக்கில் விற்றது. அதே வருடம் செப்டம்பரில், 25 வயதில், லாஸ் வேகஸில் சுடப்பட்டு இறந்தார். பிள்ளை சம்பாதித்தது எங்கே என்று அம்மா அஃபேனி ஷக்கூர் கேட்டபோது, டூபாக்தான் எங்களுக்கு 49 லட்சம் டாலர் பாக்கி என்றது கம்பெனி. அந்த அம்மா 1997-ல் வழக்குப் போட்டு, வெளிவராத பாட்டுகளை மீட்டு, மகன் பெயரில் தானே ஒரு கம்பெனி தொடங்கினார். தன் அம்மாவைப் பற்றி அந்தப் பையன் பாடிய பாட்டு இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் ஒலிப்பதிவுப் பட்டியலில் இருக்கிறது. அந்த அம்மாவோ பிள்ளையைப் பறிகொடுத்த துக்கத்தோடு அவனுடைய தாள்களைப் படிக்க வேண்டியிருந்தது. நீங்கள் இப்போதே படிக்கலாம். அதைத்தான் செய்யச் சொல்கிறேன்.

சிறையில் இருந்தவருக்குத்தான் அப்படி நடக்கும் என்று நினைக்காதீர்கள். உங்கள் ஊரிலேயே டிஎல்சி என்ற பாட்டுக் குழுவில் மூன்று பெண்கள் இருந்தார்கள். அவர்களுடைய மேனேஜர், லேபிளை நடத்தியவர்களில் ஒருவரின் மனைவி. அவர்களுடைய இரண்டாவது ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளைத் தாண்டியது. அது விற்றுக்கொண்டிருந்தபோதே, 1995-ல், மூவரும் திவால் மனு கொடுத்தார்கள். 1996-ல் கிராமி வாங்கிய அன்று, கையில் காசில்லை என்று நிருபர்களிடமே சொன்னார்கள்.

எப்படி இது நடக்கிறது? உங்கள் 50,000 டாலரையே எடுத்துக்கொள்வோம். அட்வான்ஸ் என்பது சம்பளமில்லை. ராயல்டியிலிருந்து, அதாவது பாட்டு வருமானத்தில் பாடகருக்குரிய பங்கிலிருந்து, கழித்துக்கொள்ளும் முன்பணம். லேபிளுக்கு வரும் வருமானத்தில் பையனுக்கு 16 சதவீதம் என்று வையுங்கள். 50,000 கழிய அவன் பாட்டு 3,12,500 டாலர் சம்பாதிக்க வேண்டும். பீட், அதாவது பாட்டின் பின்னணி இசை, போட்ட தயாரிப்பாளருக்கு 4 சதவீதம் பெரும்பாலும் பாடகர் பங்கிலிருந்தே போகும், மிச்சம் 12. இப்போது 4,16,000-க்கு மேல். 20,000 டாலருக்கு ஒரு வீடியோ எடுத்து முழுவதையும் அவன் கணக்கில் எழுதினால் 5,83,000-ஐத் தாண்டுகிறது. அதுவரை அவனுக்கு ராயல்டி என்று ஒரு டாலர் வராது. லேபிளுக்கு விளம்பரச் செலவு, ஆபீஸ் செலவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் போட்ட பணம் திரும்பி வெகுநாள் கழித்தும் உங்கள் மகன் கணக்கில் கடன் நின்றுகொண்டே இருக்கும். கையில் வரும் 50,000-மும் முழுசாக வராது. மேனேஜர் இருந்தால் 15 முதல் 20 சதவீதம், வக்கீலுக்கு 5, அதற்கு மேல் வரி. யாரும் வரியைப் பிடித்துக்கொண்டு தரமாட்டார்கள். சுயதொழில் வரி மட்டுமே 15.3 சதவீதம், வருமான வரி தனி. ஸ்டூடியோச் செலவும் இதற்குள்ளேயே என்று எழுதியிருக்கிறதா, பாருங்கள். பல பையன்கள் தடுக்கி விழும் இடம் அது.

நான்கு ஆப்ஷன் என்றால் என்ன என்று அந்த வக்கீல் சொன்னாரா? ஆப்ஷன் கம்பெனிக்கு, உங்கள் மகனுக்கு அல்ல. பாட்டு ஓடினால் அடுத்த ஆல்பமும் தர வேண்டியவன் அவன்; ஓடாவிட்டால் கைகழுவுகிறவர்கள் அவர்கள். காலம் காலண்டரைப் பார்த்து ஓடாது. ஆல்பத்தை ஒப்படைத்து, அதைக் கம்பெனி ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து எண்ணுவார்கள். ஏற்றுக்கொள்ளவில்லை என்றால் கடிகாரம் நின்றுவிடும். ஐந்து ஆல்பம் பத்து வருடமாக நீண்ட கதைகள் உண்டு.

மாஸ்டர் எனப்படும் மூல ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தம், எத்தனை வருடத்துக்கு என்பது அடுத்தது. நிரந்தரமாக என்று இருந்தால் ஏழு அல்லது பத்து வருடம் கழித்துத் திரும்ப வேண்டும் என்று கேளுங்கள். ராப் பாடகர் ஜே-ஸி 1995-ல் யாரும் கான்ட்ராக்ட் தராததால் இரண்டு நண்பர்களோடு சொந்த லேபிள் தொடங்கினார். 2004-ல் டெஃப் ஜாம் என்ற பெரிய லேபிளின் தலைவர் பதவியை ஏற்றபோது தன் மாஸ்டர்கள் தனக்குத் திரும்ப வேண்டும் என்று பேசி வாங்கினார். 1996-ல் மாஸ்டர் பி என்ற ராப் பாடகர், மாஸ்டர்களைத் தன்னிடம் வைத்துக்கொண்டு விநியோகத்துக்கு மட்டும் 15 சதவீதம் விட்டுக்கொடுத்தார். இவர்களுக்குக் கிடைத்தது 19 வயதுப் பையனுக்கு அப்படியே கிடைக்காது. கேட்காதவனுக்கு எதுவுமே கிடைக்காது.

பப்ளிஷிங், அதாவது வரிகளும் மெட்டும், தனிச் சொத்து. இதே 62 பக்கத்துக்குள் அதையும் சுருட்டிவைத்திருந்தால் பிரித்தெடுக்கச் சொல்லுங்கள். கச்சேரி, டி-ஷர்ட் வருமானத்திலும் பங்கு கேட்டிருந்தால் சதவீதத்தைக் குறையுங்கள். கான்ட்ராக்ட் எப்படிப் போனாலும் அவன் பெயரில் பாட்டு எழுதியவர்களுக்குரிய பணத்தை வசூலித்துத் தரும் ஆஸ்கேப் அல்லது பிஎம்ஐ அமைப்பு ஒன்றிலும், சவுண்ட் எக்ஸ்சேஞ்சிலும் உடனே பதிவு செய்யட்டும். இணைய ரேடியோப் பணத்தில் பாடகருக்குரிய 45 சதவீதத்தைச் சவுண்ட் எக்ஸ்சேஞ்ச் நேராக அவனுக்கே அனுப்பும். அட்வான்ஸ் பாக்கி அதைத் தொடாது. அந்தப் பணத்தையும் கம்பெனிக்குத் திருப்பிவிடும்படி கான்ட்ராக்டில் ஒரு வரி இருந்தால் அடித்துவிட வேண்டும்.

இன்னொன்று, மகனைத் தனியே உட்காரவைத்துக் கேளுங்கள்: இந்தப் பாட்டுகளின் பீட் யாருடையது? இணையத்தில் முப்பது நாற்பது டாலருக்கு வாடகைக்கு எடுத்ததா? அந்த வாடகை பெரும்பாலும் அவனுக்கு மட்டும் தந்த உரிமையாக இருக்காது, இத்தனை முறைதான் ஒலிக்கலாம் என்ற வரம்பும் உண்டு. பழைய பாட்டிலிருந்து துண்டு வெட்டிச் சேர்த்ததா? ‘எல்லாம் என் சொந்தம், வழக்கு வந்தால் செலவு என்னுடையது’ என்று கான்ட்ராக்ட் அவனிடம் உறுதிமொழி வாங்கும். 1991-ல் பிஸ் மார்க்கி என்ற ராப் பாடகர் அனுமதியில்லாமல் ஒரு பழைய பாட்டின் துண்டை எடுத்ததற்காக நியூயார்க் நீதிபதி, திருடாதே என்ற பைபிள் கட்டளையோடு தன் தீர்ப்பைத் தொடங்கினார். ஆல்பம் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

படிப்பைப் பற்றி. உங்கள் மகன் படிக்கும் அதே கல்லூரியில் ராப் பாடகர் லூடக்ரிஸ் படித்தார், பட்டம் வாங்காமல் வெளியேறினார். 2022-ல் அதே கல்லூரி கௌரவப் பட்டம் கொடுத்தது. இதை அவன் உங்களிடம் சொல்லியிருப்பான். லூடக்ரிஸ் வானொலியில் வேலை பார்த்து, தன் சொந்த லேபிளில் தானே ஒரு ஆல்பம் வெளியிட்டு விற்றுக் காட்டிய பிறகுதான் பெரிய கம்பெனி வந்தது என்பதை நீங்கள் அவனிடம் சொல்லுங்கள். இன்னொரு ராப் பாடகர் ஜே. கோல் 2007-ல் நியூயார்க் செயின்ட் ஜான்ஸில் படிப்பை முடித்து, 2009-ல்தான் கான்ட்ராக்டில் கையெழுத்திட்டார். ஒரு செமஸ்டர் விடுப்பு எழுதிக்கொடுத்தால் இடம் இருக்கும். பெயரை நீக்கிவிட்டு வர வேண்டாம்.

உங்கள் கணவருக்கு வருகிறேன். நான்கு மாதமாக மகனோடு பேசவில்லை என்கிறீர்கள். பதினாறு வருடம் அமெரிக்காவில் இருந்தவர். விசாத் தாள், வீட்டுக் கடன் தாள் என்று எத்தனை படித்துக் கையெழுத்திட்டிருப்பார்! வீட்டில் ஒப்பந்தம் படிக்கத் தெரிந்தவர் அவர்தான். அவர் வாயை மூடிக்கொண்டதால் அவருடைய நாற்காலி காலியானது, அந்த நாற்காலியில்தான் கம்பெனியின் வக்கீல் வந்து உட்கார்ந்தார். பிள்ளை தேர்ந்தெடுத்த தொழில் அப்பாவுக்குப் பிடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கோபப்படட்டும், கத்தட்டும். பிள்ளை கையெழுத்துப் போடும் தாளைப் படிக்காமல் இருக்க மட்டும் ஒரு தகப்பனுக்கு உரிமை கிடையாது. இதை என் பெயரைச் சொல்லியே அவரிடம் காட்டுங்கள். நீங்களும் இருவருக்கும் நடுவில் செய்தி கொண்டுபோவதை இன்றோடு நிறுத்துங்கள்.

மாதக் கடைசிக் கெடுவுக்குப் பயப்படாதீர்கள். இப்படிப்பட்ட பேச்சுவார்த்தை வாரக்கணக்கில் நடப்பதுதான் வழக்கம். வேறு வக்கீல் படிக்க இரண்டு வாரம் கேட்டதற்காகக் கைநழுவும் வாய்ப்பு, கையில் இருந்தாலும் உதவியிருக்காது. இசை ஒப்பந்தம் மட்டுமே பார்க்கும் வக்கீல்கள் அட்லாண்டாவில் நிறைய இருக்கிறார்கள். வரிவக்கீலிடமோ, உங்கள் விசாவைப் பார்த்தவரிடமோ போகாதீர்கள். செலவு அதிகம் என்றால் கலைஞர்களுக்கென்றே இருக்கும் ஜார்ஜியா லாயர்ஸ் ஃபார் த ஆர்ட்ஸ் அமைப்பைக் கேளுங்கள். வக்கீல் செலவுக்கு ஒரு தொகையைக் கம்பெனியே தர வேண்டும் என்று கேட்பதும் இந்தத் தொழிலில் சகஜம். அந்தச் செக் நீங்கள் தேர்ந்தெடுத்தவர் பெயருக்குப் போக வேண்டும்.

நாளைக் காலையே, வீட்டுக்கு வந்த அந்த வக்கீலுக்கு ஒரு மெயில் போகட்டும். மூன்றே கேள்வி. உங்கள் கட்சிக்காரர் யார், நானா, கம்பெனியா? உங்களுக்குப் பணம் கொடுத்தது யார்? நான்தான் கட்சிக்காரன் என்றால், என் பெயரில் நீங்கள் எழுதித்தந்த நியமனக் கடிதமும், கம்பெனி பணம் தருவதற்கு நான் சம்மதித்துப் போட்ட கையெழுத்தும் எங்கே? வேறொருவர் பணத்தில் வாதாடும் வக்கீல் கட்சிக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும் என்பது அவருடைய தொழில் விதி. பதில் சொல்லாமல் இருக்க முடியாது. மெயிலை மகனே எழுதட்டும். அனுப்புவதற்கு முன் அவன் அப்பா ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.