அமெரிக்காவுல ஸ்டூடண்ட் அஃபேர்ஸ் மாஸ்டர்ஸ்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

ஸ்டூடண்ட் அஃபேர்ஸ்னா கிளாஸுக்கு வெளிய பசங்களோட ஹாஸ்டல், ஓரியண்டேஷன், கரியர் மாதிரி விஷயங்கள பாத்துக்கற ஃபீல்டு. இங்க ஒரு ஸ்டேட் யூனிவர்சிட்டில ரெசிடென்ஸ் லைஃப்ல, அதாவது ஹாஸ்டல் பக்கம் வேலை பாக்குறேன், இதே ஃபீல்டுல மாஸ்டர்ஸ் முடிச்சவ. இந்தப் படிப்பு பத்தி மட்டும் கேளுங்க, எம்எஸ் கம்ப்யூட்டர் சயின்ஸ் ப்ரொஃபைல் பாத்து சொல்ல எனக்குத் தெரியாது.

கேள்வி: அக்கா, இப்படி ஒரு படிப்பு இருக்குறதே இப்பதான் தெரியும். எதுல தேடணும்?

பதில்: எஜுகேஷன் காலேஜ்ல தேடுங்க. பேர்தான் இடத்துக்கு இடம் மாறும், இண்டியானா ப்ளூமிங்டன்ல ஹையர் எஜுகேஷன் அண்ட் ஸ்டூடண்ட் அஃபேர்ஸ், மிச்சிகன் ஸ்டேட்ல ஸ்டூடண்ட் அஃபேர்ஸ் அட்மினிஸ்ட்ரேஷன். பெரும்பாலும் 2 வருஷம், பிஏ இங்கிலீஷோ பிஇ மெக்கானிக்கலோ எது முடிச்சாலும் போடலாம். 3 வருஷ டிகிரிய சில இடத்துல ஏத்துக்கறதில்ல, அட்மிஷன் ஆபீஸுக்கு மெயில் போட்டுக் கேட்டுட்டு அப்ளிகேஷன் ஃபீஸ் கட்டுங்க.

கேள்வி: ஃபீஸ் எவ்ளோ ஆகும்? லோன் போட்டு வரலாமா?

பதில்: வராதீங்க. இந்த ஃபீல்டோட கணக்கே ஜிஏ, அதாவது கிராஜுவேட் அசிஸ்டண்ட்ஷிப்தான். வாரம் 20 மணி நேரம் ஹவுசிங்லயோ ஓரியண்டேஷன்லயோ கரியர் சென்டர்லயோ வேலை பாப்பீங்க, பதிலுக்கு நல்ல ஜிஏன்னா படிப்பு ஃபீஸ தள்ளுபடி பண்ணிட்டு மாசாமாசம் ஸ்டைபண்டும் தருவாங்க, ஹவுசிங் ஜிஏன்னா பல இடத்துல தங்க ரூமும் உண்டு. அட்மிஷன் லெட்டர் வந்தா ஜிஏ கிடைச்சாச்சுன்னு நினைச்சுடாதீங்க, அதுக்கு இண்டர்வியூ தனி. எஃப்-1 ஸ்டூடண்ட் விசாவுல செமஸ்டர் நடக்குறப்ப கேம்பஸ்ல வாரம் 20 மணி நேரம்தான் வேலை பாக்க முடியும், ஜிஏவே அத முழுசா சாப்பிட்டுடும், சைடுல டைனிங் ஹால்ல பாத்துக்கலாம்ங்கற பேச்சுக்கே இடமில்ல. முடிச்சதும் வர்ற சம்பளம் ஐடி சம்பளம் கிடையாது, லோன் அடைக்கறதுக்குள்ள தாவு தீந்துடும். ஜிஏ இல்லன்னா வராதீங்க.

கேள்வி: ஜிஆர்இ எக்ஸாம் வேணுமா?

பதில்: நிறைய இடத்துல எடுத்துட்டாங்க.

கேள்வி: அக்கா நான் ஹெச்-4 டிபெண்டண்ட் விசாவுல டெக்சஸ்ல இருக்கேன், சேரலாமா?

பதில்: படிக்கலாம்மா, வேலை பாக்கதான் முடியாது. ஜிஏவும் வேலைதான், அதனால இஏடி, அதாவது வேலை பாக்குற அனுமதி கார்டு இல்லன்னா எஃப்-1க்கு மாறணும். வக்கீல்கிட்ட பேசிட்டு முடிவெடுங்க.

கேள்வி: படிச்சு முடிச்சதும் வேலை பாக்குற ஓபிடி அனுமதி 3 வருஷம் கிடைக்கும்ல? எனக்கு இண்டர்நேஷனல் ஸ்டூடண்ட் ஆபீஸ்ல வேலை பாக்கணும்னு ஆசை.

பதில்: கிடைக்காது, இது ஸ்டெம் (சயின்ஸ், டெக்னாலஜி, இன்ஜினியரிங், மேத்ஸ்) படிப்பு இல்ல, 12 மாசம்தான். யூனிவர்சிட்டிங்களுக்கு ஹெச்-1பி வேலை விசா லாட்டரி இல்லங்கறது நம்ம பக்கம் இருக்குற ஒரே நல்ல விஷயம், ஆனா 2025 செப்டம்பர்ல வந்த, ஹெச்-1பிக்கு 1 லட்சம் டாலர் கட்டணும்ங்கற உத்தரவு யாருக்கு, யாருக்கு இல்லன்னு படிச்சுக்கோங்க. அடுத்தது நம்ம ஊர் பசங்க நிறைய பேர் கவனிக்காதது: ஸ்டூடண்ட் விசாவுக்கு காலேஜ் தர்ற ஐ-20 ஃபார்ம்ல கையெழுத்து போடற ஆபீசரா, அதாவது டிஎஸ்ஓவா இருக்கணும்னா சிட்டிசன் இல்ல கிரீன் கார்டு இருக்கணும், ரூல்லயே இருக்கு. அதனால விசாவுல கஷ்டப்பட்ட நீங்க அந்த ஆபீஸ்ல ப்ரோக்ராம் நடத்தலாம், ஓரியண்டேஷன் நடத்தலாம், ஐ-20 மட்டும் போட முடியாது. அங்க வேலைக்கு எடுக்கறப்பவே இத பாப்பாங்க.

கேள்வி: தப்பா நினைக்காதீங்க, இது ஹாஸ்டல் வார்டன் வேலைதானே? இதுக்கு 2 வருஷம் படிப்பா?

பதில்: தப்பாதான் நினைக்கிறேன். படிப்பு மட்டும் போதாது, பிள்ளைய முழு மனுஷனா பாக்கணும்னு 1937லயே அமெரிக்கன் கவுன்சில் ஆன் எஜுகேஷன் ஒரு அறிக்கை போட்டுச்சு, அதுல வளர்ந்த ஃபீல்டு இது. கிளாஸ்ல மாணவர் வளர்ச்சி பத்தி சிக்கரிங், ஆஸ்டின்னு தியரி படிப்போம், அது பாதிதான், மீதி சட்டம். ராத்திரி 2 மணிக்கு ஒரு பொண்ணு கதவ தட்டி ஒரு விஷயம் சொன்னா அது டைட்டில் 9ல (பாலினப் பாகுபாட்ட தடுக்கற சட்டம்) வருதா, கிளெரி ஆக்ட்ல (கேம்பஸ் குற்றங்கள வெளிய சொல்லணும்ங்கற சட்டம்) வருதா, யாருக்கு ரிப்போர்ட் பண்ணணும், அவகிட்ட என்ன வாக்கு குடுக்கக்கூடாதுன்னு தெரியணும். பையனோட அப்பா போன் பண்ணி மார்க் கேட்டா எடுத்ததும் சொல்லிட முடியாது, 1974லேந்து ஃபெர்பான்னு ஸ்டூடண்ட் ரெக்கார்டு ரகசியத்துக்கு ஒரு சட்டம் இருக்கு.

கேள்வி: ஃபீஸ் கட்டுறது அப்பா, மார்க் மட்டும் கேக்கக் கூடாதா? என்னங்க நியாயம் இது!

பதில்: காலேஜுக்குள்ள வந்தாச்சுன்னா ரெக்கார்டு மேல உரிமை பையனுக்கு. அமெரிக்க டாக்ஸ்ல அவன டிபெண்டண்டா காட்டியிருந்தா காலேஜ் சொல்லலாம், சொல்லியே ஆகணும்னு இல்ல. நியாயமான்னு கேட்டா, எனக்கு நியாயம்தான். வீட்டுக்குத் தெரிஞ்சுடும்னு பயந்தா எந்தப் பிள்ள எங்க ஆபீஸ் வாசல மிதிக்கும்?

கேள்வி: நான் நிஜமாவே வார்டன்தான் மேடம், சென்னை பக்கம் இன்ஜினியரிங் காலேஜ். பசங்கள பூட்டி வைக்கிறது மட்டும்தான் எங்க வேலைன்னு சொல்ல வர்றீங்களா?

பதில்: ஐயய்யோ இல்ல சார். நீங்க பாக்குறதும் இதே வேலைதான், ஹாஸ்டல் கேட்டைப் பூட்ற அதிகாரம் குடுத்துட்டு ட்ரெய்னிங் குடுக்காம விட்டுட்டாங்க, என் கோபம் அதுமேல.

கேள்வி: அட்மிஷன் வந்துடுச்சு, ஜிஏ மட்டும் வரல, வந்து தேடிக்கலாமா?

பதில்: மேல ரெண்டாவது கேள்விய படிங்க.

கேள்வி: அக்கா ஃபீஸ் எவ்ளோ?

பதில்: மேல. படிங்க.

கேள்வி: வார்டன் திரும்ப வந்துட்டேன். என் அனுபவத்த அப்ளிகேஷனோட குடுக்கற எஸ்ஓபி கட்டுரைல போட்டா மதிப்பாங்களா?

பதில்: கண்டிப்பா சார், ஆனா "500 பசங்கள நிர்வகிச்சேன்"னு போடாதீங்க. ஒரே ஒரு பையன எடுத்துக்கோங்க, பேர் போடாம, என்ன பிரச்சினைல வந்தான், நீங்க என்ன பண்ணீங்க, எதுக்காக அப்படி பண்ணீங்கன்னு எழுதுங்க. டிராஃப்ட் ரெடி ஆனா அனுப்புங்க, உங்களுத மட்டும் பாக்குறேன்.