பழைய காருக்குப் புதிய வினைல் கூரை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் காரின் வினைல் கூரை (கூரைத் தகட்டின்மேல் ஒட்டிய, தோல்போன்ற பிளாஸ்டிக் உறை) பல இடங்களில் வெடித்திருந்தாலும் பெரும்பகுதி இன்னும் உறுதியாக ஒட்டியே இருக்கிறது. அதைப் பிரிக்காமல் மேலேயே புதியதை ஒட்டிவிடலாமா?

பதில்: கூடாது. வினைலை மிருதுவாக வைத்திருக்கும் பிளாஸ்டிசைசர் வெயிலில் ஆண்டுக்கணக்காக வெளியேறுவதாலேயே அது சுருங்கித் தையலோரங்களில் வெடிக்கிறது. வெடித்த இடத்தில் புகுந்த மழைநீருக்கு வெளியேற வழியில்லாததால், அது தகட்டுக்கும் வினைலுக்கும் நடுவே தங்கித் துருவை வளர்த்துக்கொண்டிருக்கும். மேலே இன்னொன்றை ஒட்டினால் அந்தத் துரு கண்ணுக்கு மறையுமே தவிர நிற்காது. பழையதை முடிந்தவரை ஒரே துண்டாக உரித்தெடுங்கள். உரிப்பதற்கு முன் இரண்டு நீளத்தையல்களும் கண்ணாடி விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி அமைந்துள்ளன என்பதை அளந்து குறித்துக்கொண்டு, மூலைகளில் துணி மடங்கும் விதத்தைப் படம் எடுத்து வையுங்கள். புதிய வினைலைப் பொருத்தும் நாளில் அவற்றைவிட நம்பகமான வழிகாட்டி கிடைக்காது.

கேள்வி: வினைலை உரித்தபின் பின்கண்ணாடிக்குக் கீழே சிறு துளைகள் தெரிகின்றன. பட்டி போட்டு அடைத்தால் போதுமா? எப்படியும் வினைல் மூடிவிடும் அல்லவா?

பதில்: "வினைல் மூடிவிடும்" என்ற எண்ணமே இந்தக் கார்களைக் கெடுத்தது. ஊசிமுனை அளவு துளை தெரிந்தால் அதைச் சுற்றியுள்ள தகடு உள்ளிருந்து மெலிந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். நல்ல தகடு வரும்வரை வெட்டியெடுத்துப் புதிய துண்டை வெல்டிங் செய்வதே முறை. அதற்கு முன் உட்கூரைத் துணியையும் அருகிலுள்ள ரப்பரையும் கழற்றிவிட வேண்டும், இல்லையேல் தீப்பிடிக்கும். பட்டி ஈரத்தை உறிஞ்சும் பொருள் என்பதால், துளையை அடைக்க அது உதவாது; நன்கு மூடப்பட்ட தகட்டின்மேல் சிறு பள்ளங்களைச் சமன்செய்ய மட்டுமே பயன்படுத்தலாம்.

அதன்பின் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான எபாக்ஸி ப்ரைமர் அடித்து, வெளியே தெரியப்போகும் கூரைக்குப் பூசுவதைப் போலவே முழுமையாக வண்ணமும் பூசுங்கள். வண்ணம் முற்றிலும் காய்ந்து, அதிலுள்ள கரைப்பான் வெளியேறிய பிறகே பசை தொட வேண்டும். அவசரப்பட்டால் பசை வண்ணத்தை இளக்கும்; பிறகு வினைல் எதன்மீது ஒட்டியிருக்கிறது என்றே சொல்ல முடியாது. மெல்லிய வினைல் அடியிலுள்ள மணல்துகளைக்கூடக் காட்டிக்கொடுக்கும் என்பதால் எமரித் தாள் வேலையிலும் சலுகை வேண்டாம்.

கேள்வி: முன், பின் கண்ணாடிகளைக் கழற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில்: கண்ணாடி ரப்பர் பீடிங்கில் பொருந்தியிருந்தால், வினைலின் விளிம்பு அந்த ரப்பருக்கு அடியில் செல்வதால் கழற்றித்தான் ஆக வேண்டும். பசைநாடாவில் பதித்த கண்ணாடியானால், குரோம் பட்டைகளை மட்டும் எடுத்துவிட்டுக் கண்ணாடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் வினைலை முடிப்பது இயலும். ஆயினும் துரு தொடங்குவது அந்தப் பள்ளத்தில்தான் என்பதால், கண்ணாடியை எடுத்துப் பார்ப்பதே என் விருப்பம். பட்டைகளைப் பிடிக்கும் கிளிப்புகளைப் புதிதாகவே போடுங்கள்.

கேள்வி: சுருக்கமும் கோணலும் இல்லாமல் ஒட்டுவதற்குச் சரியான வரிசை எது? ஒருவரே செய்ய முடியுமா?

பதில்: இருவர் வேண்டும். மடித்து வந்த வினைலை முந்தைய நாளே விரித்து, மிதமான வெப்பமுள்ள இடத்தில் மடிப்புக்கோடுகள் தளரும்வரை கிடத்துங்கள். கூரையின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் நடுப்புள்ளியை அளந்து குறித்து, வினைலின் அடிப்புறத்திலும் முன்னும் பின்னும் நடுவைக் குறித்துக்கொள்ளுங்கள். பசையின்றி ஒருமுறை விரித்துப் பார்த்து, குறிகள் பொருந்தும்போது இரு தையல்களும் கண்ணாடி மூலைகளிலிருந்து சமதூரத்தில் நிற்கின்றனவா, நான்கு பக்கமும் வெட்டுவதற்குப் போதிய துணி மிஞ்சுகிறதா என்று உறுதிசெய்ய வேண்டும்.

பிறகு ஒரு பாதியை மறுபாதியின்மேல் மடித்து, நடுப்பகுதித் தகட்டிலும் வினைலின் அடியிலும் மெல்லிய சீரான பூச்சாகப் பசை இடுங்கள். விரலால் தொட்டால் பிசுபிசுத்தும் கையில் ஒட்டாத நிலை வந்தபின், நடுக்கோட்டிலிருந்து வெளிநோக்கி உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே படியவிட வேண்டும். மறுபாதியையும் அவ்வாறே முடித்து, நடுப்பகுதி நேராக அமர்ந்ததைத் தொலைவில் நின்று பார்த்த பிறகுதான் பக்கங்களுக்குச் செல்ல வேண்டும். தையல் ஒருமுறை பாம்புபோல் வளைந்து ஒட்டிவிட்டால் எந்தக் குரோம் பட்டையும் அதை மறைக்காது.

பக்கங்களில் ஓரிடத்தை ஓங்கி இழுப்பதைவிடப் பல இடங்களில் சிறிது சிறிதாக இழுப்பதே சுருக்கத்தைப் போக்கும். பின்கண்ணாடியின் இருபுறமும் கூரையைத் தாங்கும் பின்தூண்களின் வளைவில், சூடான காற்றை ஊதும் ஹீட் கன் உதவும். ஆனால் அதை ஓரிடத்தில் நிறுத்தினால் வினைலின் தோல்வரிகள் உருகி மழுங்கிவிடும், அது திரும்ப வராது. விளிம்புகளை வெட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொண்டு, முதலில் தாராளமாக விட்டு, பட்டைக்கு அடியில் மறையும் அளவுக்குப் படிப்படியாகக் குறையுங்கள். தகட்டின்மேல் கத்தியை அழுத்தி இழுத்தால் புதிய வண்ணத்தில் கீறல் விழுந்து, துருவுக்கு முதல் வாசல் திறந்துவிடும்.

கேள்வி: வீட்டிலிருக்கும் ஸ்பிரே பசை போதுமா?

பதில்: போதாது. வெயிலில் நிற்கும் கூரையின் சூட்டில் சாதாரண ஸ்பிரே பசை இளகிவிடும். வினைல் கூரைக்கென்று தயாரிக்கப்பட்ட, உயர்வெப்பம் தாங்கும் கான்டாக்ட் பசையையே வாங்குங்கள். காற்றோட்டமான இடத்தில், நெருப்பிலிருந்து தள்ளி, முகக்கவசத்துடன் பூசுங்கள்.

கேள்வி: ஒட்டிய சில நாட்களில் நடுவே கொப்புளம்போல் எழும்பியுள்ளது. என்ன செய்வது?

பதில்: பெரும்பாலும் பசை காய்வதற்குள் ஒட்டியதால் சிக்கிய கரைப்பான் ஆவிதான் அது. மிக நுண்ணிய ஊசியால் வரிப்பள்ளத்தில் குத்தி, ஆவியை வெளியேற்றி, இளஞ்சூடு காட்டி அழுத்துங்கள். மீண்டும் மீண்டும் எழும்பினால் அங்கே பசையே படவில்லை என்று பொருள். மருந்தூசியால் சிறிதளவு பசை செலுத்த வேண்டியிருக்கும்.

கேள்வி: வினைல் இல்லாமல் வந்த காருக்கு அழகுக்காகப் போடலாமா?

பதில்: வேண்டாம் என்பேன். 1962-இல் வினைல் கூரையுடன் ஃபோர்டு தண்டர்பேர்டு லாண்டாவ் கார் வந்த பிறகே இது பரவலான மோகமாயிற்று. அதற்கு முந்திய காரில் பெரும்பாலும் பொருந்தாமல் நிற்கும். தவிர, பின்தூணில் வினைலை முடிக்கும் பட்டைக்காக நல்ல தகட்டில் துளையிட நேரும். தொழிற்சாலையிலேயே வினைல் போட்ட காரா என்று தெரியாவிட்டால், உடலின் அடையாளத் தகட்டிலுள்ள குறியீட்டை முதலில் பாருங்கள்.

கேள்வி: புதிய கூரையை எப்படிப் பராமரிப்பது?

பதில்: மென்மையான தூரிகை, மிதமான சோப்புநீர், நிறையத் தண்ணீர் போதும். பெட்ரோலியம் கலந்த பளபளப்பு மருந்துகளைத் தவிர்த்து, காரை நிழலில் நிறுத்துங்கள். ஆண்டுக்கு ஒருமுறை பட்டைகளின் கீழ்விளிம்பை விரலால் தடவி, வினைல் பின்வாங்கியிருந்தால் அப்போதே ஒட்டிவிடுங்கள்.