பாலக்கோட்டிலிருந்து நர்சிங் படிக்க வரும் தங்கச்சிக்கு

உனக்கும் உன் அரூர்த் தோழிக்கும் காவேரிப்பட்டினத்துப் பெண்ணுக்கும் மெல்போர்னில் ஒரே பல்கலைக்கழகத்தில் நர்சிங் இடம் கிடைத்திருக்கிறது, பிப்ரவரி கடைசியில் வகுப்பு தொடங்குகிறது என்று எழுதியிருந்தாய். இன்னும் ஆறு மாதம் இருக்கிறது, அதற்குள் மூன்று பேரும் சேர்ந்து முதல் செமஸ்டருக்கு என்ன படித்து வைக்கலாம், ஸ்டெதஸ்கோப்பை ஊரிலேயே வாங்கிவிடலாமா, அங்கே ஒரே வீட்டில் தங்கினால் ஒத்து வருமா என்று கேட்டிருக்கிறாய். நான் நல்லம்பள்ளிக்காரி. இதே படிப்பை மெல்போர்னில் படித்து, இங்கேயே நர்ஸாக இருக்கிறேன். வார்டுக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்களைக் கூட வைத்துக்கொண்டு வேலை சொல்லித் தருவதால், நம் பிள்ளைகள் எங்கே திணறுகிறார்கள் என்பது கண்கூடாகத் தெரியும். பாடத்தில் யாரும் அவ்வளவாகத் திணறுவதில்லை. பிளஸ் டூவில் உயிரியல் படித்துவிட்டு வருகிறவளுக்கு இதயத்தின் நான்கு அறைகளைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. வாயைத் திறந்து பேசுவதிலும், முன்பின் தெரியாத ஒருவரைத் தொட்டு வேலை செய்வதிலும்தான் தடுமாற்றம். மூன்று பேர் சேர்ந்து தயாராவதென்றால் அந்த இரண்டுக்கும் தயாராகுங்கள்.

அதற்கு முன்னால் ஊசி. இதை இந்த வாரமே ஆரம்பியுங்கள். தடுப்பூசிக் கணக்கு முழுசாக இல்லாவிட்டால் மருத்துவமனைப் பயிற்சிக்கு அனுப்ப மாட்டார்கள். பயிற்சி போகாமல் அந்தப் பாடத்தில் தேற முடியாது. ஹெபடைட்டிஸ் பி மூன்று தவணை, வழக்கமாக 0, 1, 6 மாதம் என்று போடுவார்கள். மூன்றாவது தவணைக்கு அப்புறம் நான்கு முதல் எட்டு வாரத்தில் ரத்தப் பரிசோதனை செய்து எதிர்ப்பு சக்தி வந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார், இன்று போட்டால்தான் மூன்றாவது தவணை பிப்ரவரிக்குள் முடியும். 2017-இல் பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிற்க வைத்துப் போட்டார்களே, அது தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்குத்தான். பொன்னுக்கு வீங்கிக்கு அதில் மருந்து கிடையாது, அதனால் மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். சின்ன வயதில் சின்னம்மை வார்த்தது என்று அம்மா சொல்வதைச் சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அதற்கும் ரத்தப் பரிசோதனைச் சீட்டு வேண்டும். இன்னொன்று, நமக்கெல்லாம் பிறந்ததும் காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசி போட்டிருப்பார்கள். அதனாலேயே கையில் குத்திப் பார்க்கும் காசநோய்ப் பரிசோதனை சும்மாவே வீங்கிக் காட்டலாம். அப்படிக் காட்டினால் பயப்படாமல் இக்ரா என்ற ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள், பிசிஜி அதைக் குழப்பாது. எல்லாச் சீட்டிலும் பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே எழுத்து மாறாமல் இருக்கட்டும். இனிஷியல் முன்னால் ஒரு சீட்டில், பின்னால் இன்னொரு சீட்டில் என்று இருந்தால் இங்கே அலைய வேண்டியிருக்கும். காவல்துறைச் சான்றும் கேட்பார்கள், அது அவ்வளவு பெரிய வேலை இல்லை.

சரி, படிப்புக்கு வருகிறேன். வாரத்துக்கு ஒரு நாள் மூன்று பேரும் யாராவது ஒருத்தி வீட்டில் கூடுங்கள். ஆளுக்கொரு உறுப்பு மண்டலத்தை எடுத்துக்கொண்டு, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மற்ற இருவருக்கும் ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கேட்கிறவர்கள் நடுவில் புகுந்து 'ஏன்' என்று கேட்க வேண்டும். சிறுநீரகம் கெட்டால் ஏன் ரத்த அழுத்தம் ஏறுகிறது, கால் ஏன் வீங்குகிறது? மனப்பாடம் பண்ணினவள் அங்கே நின்றுபோவாள், புரிந்தவள் தட்டுத் தடுமாறியாவது சொல்லிவிடுவாள். இங்கே தேர்வும் அப்படித்தான். 'சிறுநீரகத்தின் பாகங்களை எழுதுக' என்று வராது. ஒரு பாட்டி வந்திருக்கிறார், இன்னின்ன அளவுகள், முதலில் என்ன செய்வாய் என்று வரும்.

மருந்துக் கணக்கு நமக்குக் கைவந்த கலை என்று நினைப்போம். கணக்கு என்னவோ எட்டாம் வகுப்புக் கணக்குதான். 1000 மில்லி டிரிப்ஸ் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும், ஒரு மில்லிக்கு 20 சொட்டு, நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 20,000-ஐ 480-ஆல் வகுத்தால் 41.67, அதாவது 42. வம்பு எங்கே என்றால் மைக்ரோகிராமும் மில்லிகிராமும் ஒரே கேள்வியில் கலந்து வரும்போது. புள்ளி ஒரு இடம் தள்ளினால் மருந்து பத்து மடங்கு. பல பல்கலைக்கழகங்களில் இந்தத் தேர்வில் நூற்றுக்கு நூறு எடுத்தால்தான் தேர்ச்சி. ஒருத்தி கேள்வி தயாரிக்க, மற்ற இருவர் கால்குலேட்டர் இல்லாமல் போட்டுப் பழகுங்கள்.

பி.பி. பார்க்கும் பழைய மாதிரிக் கருவி ஒன்றை மூன்று பேரும் காசு போட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பட்டன் அமுக்கும் மெஷின் வேண்டாம். மணிக்கட்டு நாடியில் விரல் வைத்துக்கொண்டு காற்றடி. நாடி நின்ற இடத்திலிருந்து இன்னும் 30 ஏற்று. அப்புறம் நொடிக்கு இரண்டு, மூன்று என்று மெதுவாக இறக்கு. ஸ்டெதஸ்கோப்பில் முதல் தட்டும் சத்தம் கேட்கிற எண் மேல் அளவு, சத்தம் மறைகிற எண் கீழ் அளவு. பாட்டி, பெரியம்மா, பால்காரர் என்று யார் கை கிடைத்தாலும் பழகு. ஆனால் கையைப் பிடிப்பதற்கு முன்னால் நீ யார், என்ன செய்யப் போகிறாய், செய்யலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுத் தொடு. பாட்டி சிரிப்பார், சிரிக்கட்டும். லேப் தேர்வில் அளவைச் சரியாகச் சொல்லிவிட்டு, அனுமதி கேட்க மறந்து மதிப்பெண் விடுகிறவர்கள்தான் அதிகம்.

இப்போது நீ கேட்காத ஒன்று. தருமபுரி ஜி.எச்.சில் நீ பார்த்திருப்பாய், நோயாளியைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, பாத்ரூமுக்குக் கூட்டிப்போவது எல்லாம் கூட வந்த சொந்தக்காரர்கள் வேலை. இங்கே அப்படிக் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்க யாரும் வர மாட்டார்கள். அத்தனையும் நர்ஸ் வேலை. முதல் பயிற்சியைப் பல இடங்களில் முதியோர் இல்லத்தில்தான் போடுகிறார்கள், எண்பது வயதுத் தாத்தாவைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, சட்டை மாட்டிவிட வேண்டியிருக்கும். 'நர்சிங் படிக்க வந்தேன், இதற்கா வந்தேன்' என்று அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். குளிப்பாட்டும்போதுதான் முதுகுப் புண் கண்ணில் படும், மூச்சு வாங்குவது தெரியும், நேற்று பேசியவர் இன்று பேசவில்லை என்பதும் அப்போதுதான் பிடிபடும். மூன்று வருடத்தில் குறைந்தது 800 மணி நேரப் பயிற்சி, அதற்குச் சம்பளம் கிடையாது. வீட்டில் படுத்த படுக்கையாக யாராவது பெரியவர் இருந்தால், வருவதற்கு முன்னால் அவருக்கு ஒரு வாரம் நீயே செய்து பார். அம்மாவிடமும் சொல்லி வை, பிறகு போனில் கேட்டு அதிர்ச்சியாக வேண்டாம்.

லேபில் ஒருவர்மேல் ஒருவர்தான் பழகுவோம். எனக்கு ஜோடியாக வந்தவர் முதியோர் இல்லத்தில் ரொம்ப வருடம் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்த வெள்ளைக்கார அம்மா. டார்ச் அடித்து வாயைப் பார்த்தவர், என் பல்லில் இருந்த பழுப்புக் கோடுகளைப் பார்த்து, 'சிகரெட் பிடிப்பாயா' என்று கேட்டார். நம்ம தருமபுரிப் பக்கத்து போர்வெல் தண்ணீர் பல்லைக் கறையாக்கும் கதையைச் சொன்னேன். ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, எங்கள் பக்கம் அதற்கு மேலேயே குடித்து வளர்ந்தோம், எலும்பு வளைந்தவர்களும் உண்டு, ஒகேனக்கல் தண்ணீரை ஜப்பான் கடனில் கொண்டு வந்ததே அதற்காகத்தான் என்றேன். அன்றைக்கு வகுப்பு முழுக்க இதுதான் பேச்சு. வேடிக்கை என்னவென்றால் மெல்போர்ன் தண்ணீரில் 1977 முதல் பல் கெடாமல் இருக்க ஃபுளோரைடை அளவாகச் சேர்க்கிறார்கள்! அந்த அம்மாவும் நானும் அதற்கப்புறம் படிப்பு முடியும்வரை சேர்ந்தே படித்தோம். வார்டில் பேசுகிற ஆங்கிலம் எனக்கு அவர் வாயிலிருந்து வந்தது, உடற்கூறியல் அவருக்கு என் நோட்டிலிருந்து போனது.

அதனால் ஒரே வீட்டில் மூன்று பேரும் தாராளமாகத் தங்குங்கள், வாடகை மிச்சம், ஊர்ச் சோறும் உண்டு. படிக்கும் குழுவை மட்டும் வீட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் பேச்சு தமிழுக்குத் தாவிவிடும், நாலாவது ஆள் அந்தப் பக்கமே வர மாட்டார். முதல் வாரமே ஆளுக்கொரு மேசைக்குப் போங்கள். ஆசிரியர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அது கூசும், போகப் போகப் பழகிவிடும்.

நம்மூரில் ரெக்கார்ட் நோட்டைக் கொடுத்து வாங்குவது நட்பு. இங்கே வகுப்புக் குறிப்பைப் பகிரலாம், சேர்ந்து விவாதிக்கலாம், ஆனால் தனியாகச் செய்ய வேண்டிய அசைன்மென்ட்டை எழுதி 'சும்மா மாதிரிக்குப் பார்' என்று தோழிக்கு அனுப்பக் கூடாது. டர்னிட்டின் என்ற மென்பொருளில் இரண்டும் பொருந்தினால் எடுத்தவளை மட்டும் இல்லை, கொடுத்தவளையும் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். ஒரே வீட்டு முகவரி என்றால் சந்தேகம் சீக்கிரம் வரும். யாராவது கேட்டால் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கு, ஃபைலை அனுப்பாதே. மேற்கோள் குறிப்பு போடும் ஏபிஏ முறையையும் இப்போதே ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள், அலுப்பான வேலை, ஆனால் மதிப்பெண் அதில்தான் சிந்துகிறது.

பகுதி நேர வேலை: வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான், அதுவும் படிப்பு தொடங்கிய பிறகுதான். படிப்போடு சேர்ந்த பயிற்சி நேரம் அந்தக் கணக்கில் வராது. முதல் செமஸ்டரில் அந்த 48-ஐயும் நிரப்பப் பார்க்காதே.

ஸ்டெதஸ்கோப் ஊரிலேயே வாங்கலாம், நடுத்தர விலையில் போதும், இதய நிபுணர் மாட்டுகிற விலையுயர்ந்தது வேண்டாம். வார்டில் முழங்கைக்குக் கீழே வளையல், கயிறு, கைக்கடிகாரம் எதுவும் கூடாது. கோயில் கயிறு கட்டியிருந்தால் வீட்டில் பேசி முடிவு பண்ணிக்கொண்டு வா. சட்டையில் குத்திக்கொள்ளும் கடிகாரம் இங்கே மலிவாகக் கிடைக்கும். ஷூவை மட்டும் இங்கே வந்து போட்டுப் பார்த்து வாங்கு, அதில் மிச்சம் பிடிக்காதே. ராகி மாவு இந்தியக் கடைகளில் இருக்கிறது, சுமக்க வேண்டாம். மாங்காய் ஊறுகாய் கொண்டுவந்தே தீருவேன் என்றால், வந்து இறங்கும்போது நிரப்புகிற அட்டையில் உணவு இருக்கிறது என்று குறித்துவிடு. குறித்தால், போனால் ஊறுகாய் மட்டும்தான் போகும், மறைத்தால் அபராதம், விசாவுக்கே சிக்கல் வரலாம்.